கலுங்கில் கட்டிய சேலைகள்

எங்கள் ஊர்க் கண்மாய்க்கு எத்தனை சொந்தக்காரர்கள் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. தண்ணீர் பொதுப்பணித் துறைக்கு. அடியில் கிடக்கிற மண் வருவாய்த் துறைக்கு. உள்ளே நிற்கிற கருவேல மரம் வனத்துறைக்கு. மீன் ஊராட்சிக்கு, அதை இப்படி வளர், அப்படி வளர் என்று சொல்ல வருவது மீன்வளத் துறை. ஆனால் மழைக்காலத்தில் கரை உடையப் போகிறது என்றால் ஒரு துறையையும் காணாது. மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நாங்கள்தான் ஓட வேண்டும்.

வெளியூர்க்காரர்கள் எங்களைக் கடலோரத்து ஆட்கள் என்பார்கள். எங்களுக்குக் கடலும் தெரியாது, வலையும் தெரியாது. நாங்கள் மழையை நம்பி நெல் விதைக்கிற ஆட்கள். புரட்டாசியில் காய்ந்த புழுதியிலேயே விதைத்துவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்போம். கடல் எங்களுக்கு முதல் பஸ்ஸில், மீன்காரக்காவின் கூடையில் வரும். எங்கள் கண்மாய்தான் வரிசையில் கடைசி. அது நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கலுங்கைத் தாண்டி, ஓடையில் இறங்கி, மீன்காரக்காவின் ஊர்ப் பக்கம் போய்க் கடலில் விழும்.

விதைப்பு முடிந்ததும் பாதி ஆண்கள் பஸ் ஏறிவிடுவார்கள். என் வீட்டுக்காரருக்கு ஆந்திராவில் ஒரு பலகாரக் கடையில் முறுக்குப் பிழிகிற வேலை. விதைப்புக்கு ஒரு தடவை வருவார், அறுப்புக்கு ஒரு தடவை வருவார். வந்த அன்றைக்கு அடுப்படியில் நின்றுகொண்டு, "உப்பு எங்கன இருக்கு?" என்று கேட்பார். கல்யாணம் ஆகி இத்தனை வருசத்துக்குப் பிறகு, சொந்த வீட்டில் உப்பு இருக்கிற இடம் தெரியாத ஆம்பிளை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவரைத் திட்டவும் முடியாது. நான் டப்பாவை இடம் மாற்றுகிறபோது அவர் பார்க்க இங்கே இருந்தால்தானே.

மகளிர் குழு என்ற பேச்சு எங்கள் பக்கத்துக்குப் புதிதாக வந்திருந்த காலம் அது. எங்கள் குழுவுக்கு என் ஓரகத்தி, அதாவது அவருடைய அண்ணன் மனைவி, தலைவி. ஒருநாள் மீன்வளத் துறை அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். வேறு மாவட்டத்துக்காரர், நல்ல மனுசன்தான், அதுதான் அவரிடம் இருந்த பெரிய தொந்தரவு. கெட்டவராக இருந்தால் ஒரே மூச்சில் திட்டித் தீர்த்திருக்கலாம். கண்மாயில் கெண்டை வளருங்கள், குஞ்சு அரசு தரும், தீவனத்துக்கு மானியம் உண்டு, பிடிக்க வலையும் வரும் என்றார். கலுங்கில் மீன் போகாமல் இரும்புச் சல்லடை வைத்துத் தருவோம் என்றும் சொன்னார். முதல் பிடிப்பை அவர் முன்னால் எடை போட்டுக் காட்டிவிட்டால், அடுத்தபடியாகக் குழுவுக்கு ஐஸ் பெட்டி வைத்த மொபெட் வண்டி ஒன்று கிடைக்கும். ஊர் ஊராகப் போய் விற்கலாம்.

"வண்டி ஓட்டத் தெரிஞ்ச ஆம்பளை உங்க வீடுகள்ல யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார்.

நான் அவர் கேட்டு முடிப்பதற்குள் கையைத் தூக்கிவிட்டேன். ஆந்திராவில் மிக்சர் மூட்டைகளை வண்டியில் வைத்துக் கடை கடையாகப் போடுகிறவர் என் வீட்டுக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று கையைக் கீழே இறக்காமலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு மீன் மேல் ஒன்றும் ஆசையில்லை. அந்த மொபெட் வந்தால் அந்த மனுசன் வீட்டில் இருப்பார், அவ்வளவுதான்.

அவரும் ஒத்துக்கொண்டார். "மீன எடை போட்டு, வண்டி வாறது உறுதின்னு தெரியட்டும். மொதலாளிட்ட வரலன்னு சொல்லிருதேன்" என்று போனில் சொன்னார். ஊருக்கே இருந்த ஒரு போன் அது. கடைக்காரர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்ததால் நான் "ம்" என்று மட்டும் சொன்னேன்.

கண்மாய் நிறைந்திருக்கும் கார்த்திகையில் விட வேண்டிய குஞ்சு மாசியில் வந்தது. பிளாஸ்டிக் பையில் காற்றடைத்துக் கட்டிக் கொண்டு வந்தார்கள். வந்ததும் விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. பெரிய அதிகாரி வந்து தன் கையால் விட வேண்டுமாம். போட்டோ பிடிக்க வேண்டுமாம். அவர் வருகிற வரைக்கும் பைகள் கருவேல நிழலில் கிடந்தன. நிழல் நகர நகர நாங்கள் பையை நகர்த்திக்கொண்டே இருந்தோம். ஒரு பை முழுக்க வெள்ளை வயிறு தெரிய மிதந்துவிட்டது. அதையும் சேர்த்துத்தான் கை தட்டி விட்டார்கள்.

பிறகு நாங்கள் தவிடும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்து, ஓட்டை போட்ட சாக்கில் கட்டி, தண்ணீருக்குள் கம்பு நட்டுத் தொங்கவிட்டோம். முறை வைத்துப் போனோம். கரையில் உட்கார்ந்திருக்கிற ஆண்கள், "மீனுக்குத் தலை சீவிப் பொட்டு வச்சு விடலையா?" என்று கேட்பார்கள். "ஒங்களுக்கே வச்சு விடுறோம், வாங்க" என்று ஓரகத்தி சொல்வாள். நீர்க்காகம் வந்தால் தகரத்தைத் தட்டுவோம். ஒரு வெயில் காலம் முழுக்க எங்கள் காதில் அந்தத் தகரச் சத்தம்தான்.

சல்லடை மட்டும் வரவில்லை. கேட்டால், "கலுங்கு பொதுப்பணித் துறையோடதும்மா. அதுல நாங்க கம்பி அடிக்க அவங்க அனுமதி வேணும். எழுதியிருக்கோம்" என்றார் அதிகாரி. பொதுப்பணித் துறைக்காரரை மறித்துக் கேட்டால், "மீனைப் பத்தி எங்ககிட்ட ஏன் கேக்குறீங்க?" என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அன்றைக்குப் பாத்திரம் எல்லாவற்றையும் சத்தமாகத் துலக்கினேன்.

புரட்டாசியில் என் வீட்டுக்காரர் விதைப்புக்கு வந்தார். தண்ணீர் வற்றி, மடைக்கு முன்னால் இருக்கிற பள்ளத்தில் இடுப்பளவு மட்டும் நின்றது. அத்தனை மீனும் அதற்குள்தான். சாயங்காலம் தீவனச் சாக்கை அவிழ்த்ததும் முதுகு முதுகாய் மேலே வந்தது. அவர் கரையில் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். "ஏத்தா, நெசமாவே வளத்துட்டீகளா?" என்றார். மறுநாள் யாரிடமும் சொல்லாமல் பனை ஓலை வெட்டிக்கொண்டு வந்து, வீட்டுச் சுவரோடு ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கினார். மொபெட் நனையக் கூடாதாம். வண்டி வரும் முன்னால் வண்டிக்கு வீடு கட்டுகிறாரே என்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். உள்ளுக்குள் அவ்வளவு சந்தோசம். அந்த வாரம் அவர் உப்பு எங்கே என்று கேட்கவில்லை.

விதைப்பு முடிந்தும் அவர் பஸ் ஏறவில்லை. இனி அதிகாரி வலையோடும் தராசோடும் வர வேண்டியதுதான் பாக்கி. நாளைக்கு வருகிறேன், திங்கட்கிழமை வருகிறேன், ஜீப்புக்கு டீசல் இல்லை, வலை இன்னும் மதுரையிலிருந்து வரவில்லை. போன் கடைக்காரருக்கு எங்கள் கதை மனப்பாடம் ஆகிவிட்டது. நான் படியேறும்போதே, "இன்னைக்கும் இல்லையாம்மா" என்பார்.

இதற்கிடையில் மழை பெய்யவில்லை. விதைத்த நெல் புழுதிக்குள் கிடந்தது, எறும்பும் குருவியும் தின்றுகொண்டிருந்தன. ஊர் கோயிலில் கூடி, மழை வேண்டி அம்மனுக்கு முளைப்பாரி எடுப்பது என்று முடிவு செய்தது. வருகிற செவ்வாய் காப்புக் கட்டு, அதற்கடுத்த செவ்வாய் கரைப்பு. காப்புக் கட்டிவிட்டால் கரைக்கிற வரைக்கும் ஊருக்குள் மீன், கறி வாடை கூடாது. கண்மாய்க்குள் ஓர் உயிரைப் பிடிக்கக் கூடாது. வலை, தூண்டில் எதுவும் ஊர் எல்லைக்குள் வரக்கூடாது. யாரும் வெளியூரில் தங்கவும் கூடாது.

"மீன எடுத்துட்டுக் கட்டுவமே" என்று பெண்கள் பக்கத்திலிருந்து சொன்னேன். எல்லாத் தலையும் திரும்பியது. ஓரகத்தி என் தொடையில் கிள்ளினாள். "ஆத்தா காரியத்துல குறுக்க பேசாத."

காப்புக் கட்டின மறுநாள் அதிகாரியிடமிருந்து தகவல் வந்தது. வலை வந்துவிட்டது, வெள்ளிக்கிழமை வருகிறோம், எல்லாரும் தயாராக இருங்கள். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. போனில் கூப்பிட்டேன்.

"சார், காப்புக் கட்டியிருக்கு சார்."

"என்ன காப்பு? யாருக்கு?"

விளக்கினேன். பொறுமையாகத்தான் கேட்டார். "அப்ப புதன்கிழமை?" என்றார். சரி என்றேன். கொஞ்சம் காகிதச் சத்தம் கேட்டது. "புதன் மதுரையில மீட்டிங். அதுக்கு அடுத்த வாரம் வெச்சுக்குவோம். மீன் எங்கம்மா போயிரும்?" என்றார்.

மீன்காரக்கா அந்த நாட்களில் எங்கள் ஊரில் இறங்க மாட்டாள். காப்பு என்றால் அவளுக்குத் தெரியும். ஒருநாள் நான் பஸ் நிற்கிற இடத்தில் நின்றிருந்தபோது ஜன்னலில் தலையை நீட்டி, "தங்கச்சி, மேகம் கூடுது பாத்துக்க. எங்க வீட்ல பழைய வலை கெடக்கு. கலுங்குல கட்டி விடுங்க, தண்ணி போகும், மீனு நிக்கும். நாளைக்கு எடுத்துட்டு வாரேன்" என்றாள். பஸ் கிளம்புவதற்குள் நான் பக்கத்தில் நின்ற ஓரகத்தியைக் கூப்பிட்டேன். அவள் காதைப் பொத்தாத குறைதான். "காப்புக்குள்ள வலையா? ஊருக்குள்ள வரப்படாது" என்றாள். பிடிக்கிறதுக்கு இல்லைக்கா, தடுக்கிறதுக்கு என்றேன். "வலைன்னா வலைதான்" என்றாள். மீன்காரக்கா கையை விரித்துக் காட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அந்த எட்டு நாளும் நாங்கள் செய்த வேலையை நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கும். குழுவில் இருக்கிற அதே பெண்கள்தான் முளைப்பாரி போட்டவர்களும். பகலில் மேகத்தைப் பார்த்து, மீன் போய்விடுமே என்று முணுமுணுப்போம். சாயங்காலம் பாரியைச் சுற்றிக் கும்மியடித்து, மாரியைப் பொழியச் சொல்லிக் கேட்போம். நான் வாயால் மழை கேட்டேன், மனசால் இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்று கேட்டேன். அம்மன் இரண்டில் எதைக் கேட்பாள்? சத்தமாக இருப்பதைத்தானே. புழுதியில் கிடந்தது எங்கள் நெல்லும்தான். அரைமனசாகப் பாடவும் முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஊர்வலமாகப் போய், மீன்கள் கிடந்த அதே பள்ளத்தில் முளைப்பாரியை இறக்கினோம். நாற்றுகளைப் பிய்த்துத் தண்ணீரில் விட்டபோது கெண்டைகள் வந்து என் விரலுக்குப் பக்கத்திலேயே கவ்வின. அப்போது முதுகில் முதல் சொட்டு விழுந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. எல்லாரும் குலவை போட்டார்கள். நானும் போட்டேன், வேறென்ன செய்ய.

புதன் முழுக்கப் பெய்தது, பஸ்கூட வரவில்லை. மேலே இருக்கிற பெரிய கண்மாயும் நிறைந்து, அங்கே மறுகால் போன தண்ணீரும் எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. வியாழன் மத்தியானம் செம்மண் நிறத்தில் தண்ணீர் கலுங்கில் தலையைக் காட்டியது. குழுவே கலுங்குக்கு ஓடினோம். புதுத் தண்ணீர் என்றால் கெண்டைக்குத் தலைகால் புரியாது. வெள்ளியாய்த் துள்ளித் துள்ளி அந்தப் பக்கம் விழுந்துகொண்டிருந்தது. எங்களிடம் வலை இல்லை, சல்லடை இல்லை. ஓரகத்திதான் முதலில் வீட்டுக்கு ஓடிப் பழைய சேலைகளை அள்ளிக்கொண்டு வந்தாள். ஆளாளுக்குக் கொண்டு வந்தோம். கலுங்கில் வரிசையாக நட்டிருக்கிற கற்களுக்கு இடையே இழுத்து இழுத்துக் கட்டினோம். மீன் நின்றது. நாங்கள் கத்திய சத்தம் ஊருக்கே கேட்டிருக்கும்.

மீன் நின்றதோடு தண்ணீரும் நின்றது. குப்பையும் சருகும் வந்து சேலையில் அப்பிக்கொண்டு, கலுங்கே சுவராகிவிட்டது. கண்மாய் ஏறத் தொடங்கியது. கரையில் ஓர் இடத்தில் மண் சரிந்ததைப் பார்த்து ஆண்கள் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். கரைக்குக் கீழேதான் ஊர் மொத்தத்தின் விதைப்பும் இருந்தது. இரண்டு நாள் ஈரத்தில் அப்போதுதான் முளை விட்டிருந்தது.

என் வீட்டுக்காரர் கையில் அரிவாள் இருந்தது. தண்ணீருக்குள் இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார். நான் கட்டிய முடிச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"விடு" என்றார்.

"அறுத்தா எல்லாம் போயிரும்ங்க."

"தெரியும்த்தா."

அவருக்குத் தெரியாமலா இருக்கும்? சாய்ப்பு இறக்கினது அவர்தானே. என் முகத்தைப் பார்க்காமல் அறுத்தார். ஒரு சேலை, பக்கத்துச் சேலை, அதற்குப் பக்கத்தில். என் கல்யாணத்துக்கு மறுவருசம் அவர் ஆந்திராவிலிருந்து எடுத்து வந்த சேலையும் அதில் இருந்தது. எல்லாம் மீனோடு சேர்ந்து ஓடையில் போயின. தொடை வரைக்கும் தண்ணீரில் நின்றுகொண்டு நான் எல்லாரையும் திட்டினேன். துறைகளைத் திட்டினேன், ஓரகத்தியைத் திட்டினேன், அம்மனைக்கூட ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். யாரும் என்னை அடக்கவில்லை. ஓரகத்தி என் கையைப் பிடித்துக் கரையேற்றினாள்.

அடுத்த வாரம் சொன்னபடியே ஜீப் வந்தது. புத்தம் புது இழுவலை, பச்சை நிறம், பிரிக்காத கட்டு. கூடவே தராசு. கலுங்கில் வைக்கிற சல்லடைக்கும் அனுமதி வந்துவிட்டதாம். கண்மாய் கடல் போலக் கிடந்தது. அதிகாரி நெற்றியைத் தடவிக்கொண்டு, "பிடிப்பைக் காட்டாம வண்டிக்கு எழுத முடியாதும்மா. அடுத்த வருசம் பாப்போம்" என்றார். அவருக்கும் வருத்தம்தான், அதில் சந்தேகம் இல்லை. வலையை வாங்கிக்கொண்டதற்குப் போட்டோ வேண்டும் என்றார். ஆளுக்கு ஓர் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சிரிக்கச் சொன்னார். ஓரகத்தி சிரித்தாள். நான் மாட்டேன் என்றேன்.

நெல் நன்றாக முளைத்து வந்துவிட்டது. ஊரே அம்மன் கண் திறந்தாள் என்றது. நெல்லுக்கு என் வீட்டுக்காரர் வேண்டியதில்லை, களையெடுக்க நாங்கள் இருந்தோம். ஆந்திராவிலிருந்து முதலாளி இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார். இவர் சனிக்கிழமை கிளம்புகிறேன் என்றார். நான் சரி என்றேன். இரு என்று எந்த வாயால் சொல்வது? எதைக் காட்டி இருக்கச் சொல்வது?

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் மீன்காரக்கா இறங்கினாள். கூடையை இறக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு இறக்கி வாழை இலையை விலக்கினாள். கெண்டை. கடல்மீன் ஒன்றுகூட இல்லை.

"ஓடை வாயில அந்தப் பழைய வலையத்தான் கட்டுனோம். கடல்ல விழுந்தாச் செத்துத்தானே போகும்" என்றாள். "ஒன் மீனுதான் தங்கச்சி. எப்படி வெல சொல்லுவேன்? எடுத்துக்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் அவள்மேல் எப்படிக் கோபப்படுவது? வலை தருகிறேன் என்று சொன்ன ஒரே ஆள் அவள்தான். "சும்மா வேணாம்க்கா" என்று சொல்லிக் காசைக் கொடுத்தேன். இருந்ததிலேயே பெரியதாக ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

துண்டு போட்டு, மஞ்சளும் மிளகாயும் தடவி, வழிக்குத் தாங்குகிற மாதிரி முறுகலாகப் பொரித்தேன். இலையில் வைத்துக் கட்டிக் கொடுத்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது அவருக்கு. வண்டி கிளம்பும் முன்னாலேயே பொட்டலத்தைப் பிரித்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். மென்றுகொண்டே என்னைப் பார்த்தார்.

"கண்மா மீனா?"

"ஆமா."

இன்னொரு துண்டையும் எடுத்தார். கண்டக்டர் விசில் அடித்தான்.

"நல்லாத்தான் வளத்திருக்கீக" என்றார்.

பஸ் போய்விட்டது. நான் வீட்டுக்கு வந்தேன். மொபெட்டுக்கு இறக்கிய சாய்ப்பில் கோழி படுத்திருந்தது, அதை விரட்டினேன். அடுப்படிக்குப் போனேன். இரண்டு மாதமாக ஒரே இடத்தில் இருந்த உப்பு டப்பாவை எடுத்துத் துடைத்தேன். இடம் மாற்றாமல் அங்கேயே திரும்ப வைத்தேன்.